சர்நேம் கட்டத்துக்குள்ள எங்கப்பா

புனேல வேலைக்கு சேர்ந்த முதல் வாரமே என் பேரு காணாம போச்சு. ஊர்ல நான் ஆ. செந்தில். ஆ-ன்னா ஆறுமுகம், எங்கப்பா. கம்பெனி ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம், ரெண்டையும் நிரப்பாம அடுத்த பக்கம் போகவே விடாது, சரி பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போட்டுடுவோம்னு செந்தில் ஆறுமுகம்னு போட்டேன். கார்டு அடிக்கிற இடத்துல அது எப்படி புரண்டுச்சோ, ஐடி கார்டுல பெரிய எழுத்துல ஆறுமுகம், மெயில்ல ஆறுமுகம், மீட்டிங்ல ஆறுமுகம். மூணு வருஷம் எங்கப்பா பேர்லயே டீ குடிச்சேன், எங்கப்பா பேர்லயே திட்டும் வாங்கினேன். ஆரம்பத்துல சொல்லிப் பார்த்தேன், அது எங்கப்பா பேருங்க, என் பேரு செந்தில்னு. பக்கத்து சீட்டு மராட்டிக்காரர், அப்போ உங்க குடும்பப் பேரு என்னன்னு கேட்டாரு. அப்படி ஒண்ணும் எங்களுக்கு கிடையாதுன்னேன். பாவம் வீட்டை விட்டு துரத்தின பையன் போலன்னு ஒரு பார்வை பார்த்தாரு.

அன்னைல இருந்து யாரைப் பார்த்தாலும் பேரை நோண்டுறது எனக்கு ஒரு வியாதி ஆயிடுச்சு. நோண்ட நோண்ட புரிஞ்சது என்னன்னா, இந்தியாவுல பேருங்கிறது பாதி கூப்பிடுறதுக்கு, மீதி பாதி நீ யாரு எந்த இடம்னு மத்தவன் கண்டுபிடிக்கிறதுக்கு. ஒவ்வொரு ஊர்க்காரனும் இந்த ரெண்டாவது பாதியை ஒவ்வொரு விதமா ஒட்டுறான், சிலர் அதை பிச்சு எறியவும் பார்த்திருக்காங்க.

நம்ம கதையில இருந்தே ஆரம்பிக்கலாம். தமிழ்ல பேரன்ங்கிற வார்த்தையே பெயரன்ல இருந்து வந்ததுதான், தாத்தா பேரை சுமக்கிறவன். எங்க வீட்டுலயும் தாத்தா செந்தில்வேல், நான் செந்தில். இதுல ஒரு சிக்கல், எங்கம்மா மாமனார் பேரை வாயால சொல்ல மாட்டாங்க, அதனால பெத்த பிள்ளையை இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட செந்தில்னு கூப்பிட்டதில்ல, தம்பிதான். பேரை வைப்பாங்க, ஆனா கூப்பிட மாட்டாங்க. புருஷன் பேரும் அப்படித்தான், ரேஷன் கடையில கேட்டா எங்க பாட்டி "பழனி மலைல இருக்காரே அவரு பேரு"ன்னு விடுகதை போடும், கடைக்காரரு முருகனா, தண்டபாணியா, சுப்பிரமணியா, செந்தில்வேலான்னு வரிசையா சொல்லி பாட்டி தலையாட்டுறதைப் பார்த்து எழுதுவாரு.

அப்பா பேரோட முதல் எழுத்தை முன்னாடி போட்டா நம்ம பேரு முடிஞ்சுது. சுலபமா தெரியுது, ஆனா வெளியூர்க்காரன் கையில இது படுற பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. செஸ்ல விஸ்வநாதன் ஆனந்தை உலகம் பூரா விஷின்னு செல்லமா கூப்பிடுது, விஸ்வநாதன் அவங்கப்பா. அஞ்சு தடவை உலக சாம்பியன் ஆன ஒரு மனுஷனை உலகமே அவங்கப்பா பேரை சுருக்கி செல்லம் கொஞ்சுது, எனக்கு நடந்ததெல்லாம் ஒரு விஷயமே இல்லன்னு அப்பதான் மனசு ஆறுச்சு. சுந்தர் பிச்சையும் அதே கேஸ்தான், பிச்சை அவங்கப்பா பேரு, இவரு பொறந்தப்ப வச்சது பிச்சை சுந்தரராஜன். கலாம் சாரோட ஏ.பி.ஜே-ல மூணு தலைமுறை இருக்கு, ஜைனுலாப்தீன் அப்பா, பக்கீர் தாத்தா, அவுல் அவருக்கும் அப்பா. ஒரு குடும்பத்தோட பாதி வரலாறை மூணு எழுத்துல சுருட்டி வச்சிருக்காங்க.

ஆனா இனிஷியல்னாலே அப்பாதான்னு நினைச்சா மாட்டிக்குவீங்க. 2024ல சிங்கப்பூர்ல உலக சாம்பியன் ஆனாரே டி. குகேஷ், அந்த டி தொம்மராஜு, தெலுங்கு வீட்டுப்பேரு. தெலுங்குக்காரங்களுக்கு இன்டி பேருன்னு ஒண்ணு உண்டு, குடும்பத்தோட பேரு, அது முன்னாடி வரும். பி.வி. நரசிம்ம ராவுக்கு பாமுலபர்த்தி, என்.டி. ராமா ராவுக்கு நந்தமூரி. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பேர்ல எஸ் ஒண்ணு பி ஒண்ணுன்னு ரெண்டு ஆளுங்கன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், ஸ்ரீபதி பண்டிதாராத்யுலங்கிற ஒரே வீட்டுப்பேருதான் ரெண்டா உடைஞ்சு நிக்குது. கேரளாவுல வீட்டுப்பேருன்னா நிஜமாவே வீடு, அந்தக் கட்டிடம் நிக்கிற பறம்போட, அதாவது தோட்டத்தோட பேரு. பி.டி. உஷாவோட பி.டி பிலாவுள்ளகண்டி தெக்கேபறம்பில். தேவ கவுடாவோட எச்.டி-ல ஹரதனஹள்ளி ஊரு, தொட்டேகவுடா அப்பா. நம்ம டி.எம்.எஸ் பேர்ல இருக்கிற தொகுளுவா சௌராஷ்டிரா வீட்டுப்பேரு. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு எம் மதுரை, எஸ் சண்முகவடிவு, அவங்க அம்மா, பெரிய வீணைக் கலைஞர். அம்மா பேரை இனிஷியலா போடலாமான்னு இன்னைக்கு நாம டிவில உட்கார்ந்து விவாதம் பண்றோம், அந்தம்மா அதை வச்சே பாரத ரத்னா வாங்கிட்டாங்க. தேவரடியார் மரபுல வந்த குடும்பங்கள்ல அம்மா வழிதான் வழி, அதனால அங்க அது புரட்சியும் இல்ல ஒண்ணும் இல்ல, சாதாரணமா நடந்தது.

ஆக பார்க்க ஒரே மாதிரி புள்ளி வச்ச எழுத்து, உள்ள ஒருத்தருக்கு அப்பா, ஒருத்தருக்கு தோட்டம், ஒருத்தருக்கு ஊரு, ஒருத்தருக்கு அம்மா.

இப்ப விஷயத்துக்கு வரேன். வடக்க போனா பேரை சொன்னதும் முடியாது. "பூரா நாம்?" அப்படின்னு கேப்பாங்க. செந்தில்னு சொன்னா கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு "ஆகே க்யா லகாதே ஹோ?" அதாவது அதுக்கப்புறம் என்ன ஒட்டுறீங்கன்னு. ஏதோ பசை டப்பா வச்சிருக்கிற மாதிரி. முதல் ரெண்டு மூணு தடவை நான் வெள்ளந்தியா ஆறுமுகம்னு சொன்னேன், அவங்க முகத்துல ஒண்ணும் தெளியல. அவங்களுக்கு வேண்டியது அப்பா பேரு இல்ல, ஜாதி. மிஸ்ராவா யாதவா குப்தாவா ஜாதவான்னு தெரிஞ்சா எங்க உட்கார வைக்கணும், எந்த டம்ளர்ல தண்ணி கொடுக்கணும், வீடு வாடகைக்கு விடலாமா கூடாதா, எல்லாம் அரை செகண்ட்ல முடிவாயிடும். கேக்குற எல்லாருமே அந்த நினைப்புல கேக்குறாங்கன்னு சொல்ல மாட்டேன், நிறைய பேருக்கு அது மூச்சு விடுற மாதிரி பழக்கம். ஆனா எதிர்ல இருக்கிறவர் தலித்தா இருந்தா அந்தக் கேள்வி எப்படி காதுல விழும்னு யோசிச்சுப் பாருங்க.

தமிழ்நாட்டுல நூறு வருஷம் முன்னாடி இதே கதைதான். முதலியார், பிள்ளை, நாயக்கர், நாடார், செட்டியார்னு பேருக்குப் பின்னாடி வால் இல்லாத ஆள் பொது வாழ்க்கையில அபூர்வம். 1929 பிப்ரவரில செங்கல்பட்டுல நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுல, ஜாதியைக் காட்டுற பட்டத்தை பேர்ல இருந்து எடுத்துடணும்னு தீர்மானம் போட்டாங்க. பெரியார் அதுக்கு முன்னாடியே நாயக்கரை விட்டுட்டாரு. மாநாட்டுக்கு தலைமை தாங்கினது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அவரும் நாடாரைக் கழட்டினாரு. தி.நகர்ல பாண்டி பஜாரே இவரு பேருதான், அது பாண்டிச்சேரியும் இல்ல ஒரு பாண்டியும் இல்ல. தீர்மானம் போட்டதும் மறுநாளே எல்லாரும் மாறிடல, ஆனா அடுத்த ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல ஜாதி வாலோட பேரு கொடுக்கிறது கூச்சமான விஷயமா ஆயிடுச்சு. இவ்வளவு பெரிய ஜனத்தொகை, ஜெயில்ல போடுவேன்னு ஒரு சட்டமும் மிரட்டாம, பேர்ல இருந்து ஜாதியை எடுத்ததை நான் பெரிய விஷயமாத்தான் பார்க்கிறேன், இதுல எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது.

அதுக்காக ஜாதி போயிடுச்சான்னா, அட போங்க. வாலை வெட்டினா மோப்பம் கூடுது. "உங்களுக்கு எந்த ஊரு? ஊர்ல எந்த பக்கம்? அந்த தெருல ராமசாமி தெரியுமா? குலதெய்வம் எது?" நாலு கேள்வில ஆள் யாருன்னு முடிச்சுடுவாங்க. அன்பா முதுகுல தட்டுற மாதிரி தட்டி சட்டைக்குள்ள பூணூல் தட்டுப்படுதான்னு பார்க்கிறதும் உண்டு. தென்மாவட்டத்துல ஸ்கூல் பிள்ளைங்க கையில கலர் கலரா கயிறு, எந்த கலர் எந்த ஜாதின்னு ஆறாவது படிக்கிற பையனுக்கு அத்துப்படி. 2023ல நாங்குநேரில தலித் மாணவனையும் தங்கச்சியையும் கூடப் படிக்கிற பசங்களே வீடு புகுந்து வெட்டினதுக்கு அப்புறம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024ல ரிப்போர்ட் கொடுத்துச்சு, அதுலயும் இந்தக் கயிறைப் பத்தி பேச வேண்டியதாயிடுச்சு. பேர்ல இல்லாதது மணிக்கட்டுல. இன்னொரு கூத்து, பக்கத்து ஸ்டேட்ல இருந்து வர்ற நடிகைங்க பேர்ல நாயர், மேனன், ரெட்டின்னு இருந்தா நமக்கு அது ஜாதிப் பேருன்னே உறைக்கிறதில்ல, ஏதோ ஸ்டைலா இருக்குன்னு கைதட்டுறோம்.

பீகார்லயும் ஒரு அலை அடிச்சிருக்கு, நம்மாட்கள் நிறைய பேருக்கு இது தெரியாது. 1974ல ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமை தாங்கின இயக்கத்துல சேர்ந்த பசங்க நிறைய பேரு ஜாதிப் பேரை விட்டுட்டு குமார், ரஞ்சன், பிரகாஷ், ஆனந்த்னு பொதுவா ஒண்ணை ஒட்டிக்கிட்டாங்க. அந்த இயக்கத்துல இருந்து வந்தவருதான் நிதிஷ் குமார், அந்தப் பேரை மட்டும் வச்சு அவரு ஜாதியைச் சொல்ல முடியாது. வேடிக்கை என்னன்னா இப்ப அந்தப் பக்கம் யாராவது வெறும் குமார்னு சொன்னா, ஓஹோ எதையோ மறைக்கிறான்னு அதுக்கும் ஒரு கணக்கு வச்சிருக்காங்க.

இவங்க எல்லாருக்கும் முன்னாடி பண்ணிப் பார்த்தவங்க சீக்கியர்கள். 1699 வைசாகி பண்டிகை அன்னைக்கு ஆனந்தபூர்ல குரு கோவிந்த் சிங் கால்சாங்கிற சீக்கிய அமைப்பை உண்டாக்கினப்ப ஆம்பளைக்கெல்லாம் சிங், பொம்பளைக்கெல்லாம் கௌர், எந்த ஜாதில இருந்து வந்தாலும் ஒரே பேரு. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, கௌர் அப்பா பேரும் இல்ல புருஷன் பேரும் இல்ல, அவளுக்கே அவளுக்கான பேரு. முன் பேருல பெரும்பாலும் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, ஹர்ப்ரீத், குர்ப்ரீத், மன்ப்ரீத் யாரா வேணா இருக்கலாம், சிங்கா கௌரான்னு பார்த்தாத்தான் தெரியும். ஆனா அங்கயும் பின்வாசல் வழியா கில், சித்து, தில்லான்னு குலப்பேரு எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துடுச்சு. சிலர் மட்டும் குலத்தை விட்டுட்டு ஊர் பேரை வச்சுக்கிட்டாங்க, பிரகாஷ் சிங் பாதலுக்கு பாதல்ங்கிறது கிராமம். இதுல கனடாக்காரன் வேற, சிங், கௌர்னு ஆயிரக்கணக்கான பேரு வர்றாங்க எங்களால பிரிச்சுப் பார்க்க முடியல, வேற கடைசிப் பேரு வச்சுட்டு வாங்கன்னு விசா லெட்டர்ல எழுதி அனுப்பிக்கிட்டு இருந்தான், 2007ல அது வெளிய வந்து நாறினப்புறம்தான் கைவிட்டான். ஜாதியை அழிக்க வச்ச பேரு ஆஃபீஸ் அலமாரிக்கு ஒத்து வரலையாம்.

சர்நேம் எல்லாம் ஆதி காலத்துல இருந்து வர்ற பாரம்பரியம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நிறைய பேரு பாதி வழில ஒட்டினதுதான். நேரு குடும்பம் காஷ்மீர்ல கவுல், டெல்லிக்கு வந்து கால்வாய் ஓரமா குடியிருந்தாங்க, கால்வாய்க்கு நஹர்னு பேரு, கவுல்-நேருன்னு ஆச்சு, அப்புறம் கவுல் உதிர்ந்து வெறும் நேரு. நம்ம ஊர்ல வாய்க்கா வீட்டுக்காரங்கன்னு சொல்ற மாதிரிதான். லால் பகதூர் ஸ்ரீவாஸ்தவாங்கிற ஜாதிப் பேரை விட்டாரு, காசி வித்யாபீடத்துல வாங்கின பட்டம் சாஸ்திரி, அது பேரோட ஒட்டிக்கிச்சு, இப்ப அவரு பிள்ளைங்களும் சாஸ்திரிதான். பி.ஏ. படிச்சவர் குடும்பமே பி.ஏ-ன்னு சுத்துற மாதிரி இருக்கா? பார்சிங்க இன்னும் மேல, பிரிட்டிஷ் காலத்து பம்பாய்ல என்ன தொழில் பண்ணாங்களோ அதுவே பேரு. கிரிக்கெட் டீம்லயே நாரி கான்ட்ராக்டர்னு ஒரு கேப்டன், ஃபரூக் எஞ்சினியர்னு ஒரு கீப்பர். சாராயம் வித்தா தாருவாலா, பாட்டில் வித்தா பாட்லிவாலா.

மகாராஷ்டிராவுல கர்னு முடிஞ்சா பெரும்பாலும் ஊரு. மங்கேஷ்கர் குடும்பத்துக்கு கோவாவுல மங்கேஷி. அம்பேத்கர் குடும்பத்தோட பேரு சக்பால், ஸ்கூல்ல சேர்க்கிறப்ப சொந்த ஊரு அம்பாடவேயை வச்சு அம்பாடவேகர்னு கொடுத்தாங்க, அது அம்பேத்கர் ஆச்சு. ஊர் பேரை வச்சா ஜாதி சட்டுன்னு தெரியாது, இதை அவங்கப்பா யோசிச்சுத்தான் பண்ணியிருப்பாருன்னு நினைக்கிறேன், என் ஊகம்தான். அங்க பொண்ணுங்களுக்கு கல்யாணம் ஆனா நடுவுல இருக்கிற அப்பா பேரு போய் புருஷன் பேரு வரும், கடைசிப் பேரும் மாறும், சில வீட்டுல முதல் பேரையும் மாத்திடுவாங்க, அரிசித் தட்டுல புதுப்பேரை எழுதி. பழைய ஆளே மிச்சம் இல்ல. அதே மகாராஷ்டிரா அரசாங்கம்தான் 2024 மே 1ல இருந்து பொறக்கிற குழந்தைங்களுக்கு முதல்ல குழந்தை பேரு, அடுத்து அம்மா பேரு, அதுக்கப்புறம்தான் அப்பா பேருன்னு விதி போட்டுது. அந்த ஸ்டேட்லதான் சத்தாரா மாவட்டத்துல நகூசான்னு பேரு வச்ச 280க்கும் மேல பொண்ணுங்களுக்கு 2011ல விழா எடுத்து புதுப்பேரு வச்சாங்க, நகூசான்னா வேண்டாதவ. நாம மூக்கு மேல விரல் வைக்க வேண்டாம், போதும்பொண்ணு, வேண்டாம்னு எல்லாம் நம்ம ஊர் வாக்காளர் பட்டியல்லயும் இருக்கு.

பெங்காலிங்க விஷயம் ஜாலியானது. ஆளுக்கு ரெண்டு பேரு, வெளிய சொல்ல ஒரு பாலோ நாம், வீட்டுல கூப்பிட ஒரு டாக் நாம். சத்யஜித் ராய் வீட்டுல மாணிக், பிரணாப் முகர்ஜி வீட்டுல பொல்டு. ஜனாதிபதி மாளிகைல உட்கார்ந்தாலும் அக்காவுக்கு நீ பொல்டுதான். முகோபாத்யாய்தான் முகர்ஜி, பந்தோபாத்யாய்தான் பானர்ஜி, ஒரே ஆளு பெங்காலில எழுதினா ஒண்ணு இங்கிலீஷ்ல எழுதினா இன்னொண்ணு.

எல்லாத்தையும் விட என்னை அசர வச்சது மேகாலயா. அங்க காசி, காரோங்கிற பழங்குடி மக்களுக்கு குலம் அம்மா வழிதான், பிள்ளைங்களுக்கு அம்மாவோட குலப்பேரு. அது இருக்கட்டும், கிழக்கு காசி மலையில காங்தாங்னு ஒரு கிராமம், அங்க குழந்தை பொறந்தா அம்மா அதுக்குன்னு ஒரு மெட்டு போடுறா. வார்த்தையே கிடையாது, வெறும் ராகம். அந்த மெட்டுதான் பேரு. வீட்டுக்குள்ள கூப்பிட சின்னதா ஒரு துண்டு, காட்டுல மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைக் கூப்பிட அதே மெட்டோட நீளமான வடிவம். ஜிங்க்ர்வாய் ஈயாவ்பெய்னு சொல்றாங்க, குலத்தோட மூதாட்டிக்கான பாட்டுன்னு அர்த்தம். ஒருத்தர் மெட்டு இன்னொருத்தருக்கு கிடையாது, ஆள் செத்தா மெட்டும் அவரோட போயிடும். ஸ்கூலுக்கும் ஆதாருக்கும் சாதாரண பேரு ஒண்ணு தனியா வச்சிருக்காங்க. அந்த மெட்டை வச்சு எவனும் ஜாதி கண்டுபிடிக்க முடியாது, எந்த ஃபார்ம்லயும் ஏத்த முடியாது, யோசிச்சா பொறாமையா இருக்கு.

ஃபார்ம்தான் கடைசில எல்லாரையும் ஒரு வழி பண்ணிடுது. ஐரோப்பாக்காரன் அவன் ஊர் வழக்கத்துக்கு போட்ட கட்டம் உலகம் பூரா கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா விட்டா அமெரிக்கா விசால இருக்கிற ஒத்தைப் பேரை சர்நேம் கட்டத்துக்கு தள்ளிட்டு, முதல் பேரு இடத்துல எஃப்.என்.யூ-ன்னு அடிச்சுடுவான், முதல் பேரு தெரியாதுன்னு அர்த்தம், எத்தனையோ தமிழ்ப் பசங்க டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் எஃப்.என்.யூ-வாவே வாழ்ந்திருக்காங்க. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம் ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொன்னப்ப நம்ம ஊர் ஏர்போர்ட்ல நிறைய பேரு திண்டாடினாங்க, அப்புறம் பாஸ்போர்ட்ல அப்பா பேரு இருந்தா போதும்னு இறங்கி வந்தான். பொண்ணுங்க பாடு இன்னும் மோசம், சர்டிஃபிகேட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல புருஷன் இனிஷியல், பேங்க்ல ரெண்டுல எதுன்னு ஞாபகம் இல்ல, இந்த மூணு பேரும் ஒருத்திதான்னு பத்திரத்துல எழுதி நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு அலையணும். என் வீட்டுக்காரிக்கு நானே மூணு தடவை அலைஞ்சிருக்கேன்.

புனேல நான் இருந்த கடைசி வருஷம் எங்கப்பா ஒரு வாரம் வந்து தங்கினாரு. ஒரு நாள் நான் ஆஃபீஸ்ல இருக்கேன், கீழ வாட்ச்மேன் ஆறுமுகம் சார் பார்சல்னு கத்தியிருக்கான். இந்த ஊர்லயும் நம்மளை பேரு சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கான்னு அவருக்கு ஒரே சந்தோஷம், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிப் போய், ஆதார் கார்டை வேற காட்டி, கையெழுத்து போட்டு வாங்கிட்டு வந்துட்டாரு.